மேசைக் காலுக்குக் கீழே ஒரு கிணறு

"குருவே, கிணறு கையில இருந்தும் நான் ஏன் தோக்குறேன்?"

கேட்டவள் மலர்க்கொடி. வயது நாற்பத்தெட்டு. கேள்வியில் பணிவு கொஞ்சமும் இல்லை.

குரு பெனாசிருக்கு இருபத்தாறுதான். ஆனால் கார்டு ஆட்டம் நடக்கும் அந்தக் கடையில் அவளை ஜெயித்தவர் யாரும் கிடையாது.

அவர்கள் ஆட்டத்தில் நீல மணிதான் தண்ணீர். தண்ணீர் சேர்ந்தால்தான் யானை மாதிரி பெரிய கார்டுகளை இறக்கலாம். கிணறு கார்டை இறக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு மணி கூடுதலாகக் கிடைக்கும்.

"ஏன் இறக்கல அக்கா?"

"இன்னிக்கு என்கூட ஆடப் போற ஜெயசீலன்கிட்ட வறட்சி கார்டு இருக்கே! மேசையில இருக்கறதுல ஒண்ணை அழிச்சிடுவார். என் கிணறு போயிடும்."

"எத்தனை வறட்சி வெச்சிருக்கார்?"

"ஒண்ணே ஒண்ணு. ஒரு தடவை போட்டா தீர்ந்துச்சு."

மலர்க்கொடி அதோடு நிறுத்தவில்லை.

"இன்னிக்கும் தோத்தா லீக்லேருந்து வெளிய. வீட்டுக்குப் போய்ப் பல்லாங்குழி ஆடுங்கம்மான்னு எல்லார் முன்னாடியும் சொல்றார் அந்த ஆளு. நான் போறதா இல்ல."

பெனாசிர் கையை நீட்டி, மலர்க்கொடியின் கார்டுகளிலிருந்து கிணற்றை உருவினாள். குனிந்தாள். ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் அதை பிளாஸ்டிக் உறையோடு செருகினாள்.

மலர்க்கொடிக்கு வந்த கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது.

"ஏய், என்ன பண்றே! அது என் கிணறு!"

"உங்க கையில இருந்தப்போ தண்ணி குடுத்துச்சா?"

"இல்ல."

"இப்ப மேசையாவது ஆடாம நிக்குது."

மலர்க்கொடி முறைத்தாள். பிறகு குனிந்து கார்டை வெடுக்கென்று பிடுங்கினாள். முந்தானையில் தூசியைத் துடைத்தாள். நன்றிகூடச் சொல்லாமல் போட்டி மேசைக்குப் போனாள்.

எதிரே ஜெயசீலன்.

முதல் கார்டாகவே கிணற்றை இறக்கினாள்.

அவர் சிரித்தார். "என்கிட்ட வறட்சி இருக்கு. மறந்துட்டீங்களாம்மா?"

"மறக்கல. போடுங்க."

அவர் கை கார்டுக்குப் போனது.

"கிணத்து மேல போட்டா, பின்னாடி வர்ற என் யானை தப்பிச்சுது. போடலேன்னா தண்ணி ஊறும். யானை சீக்கிரமே வரும்."

கை பாதியில் நின்றது. அவர் கிணற்றைப் பார்த்தார். தன் வறட்சியைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

மலர்க்கொடி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"கையிலேயே வெச்சிருக்கப் போறீங்கன்னா சொல்லுங்க சார். இந்த மேசையும் ஆடுது."