பிடிபடாதவன்

பழனானை அவன் ஊரில் யாரும் பிடித்தது கிடையாது. சடுகுடு பாடிக்கொண்டு எதிர்க் களத்துக்குள் போவான், தொடுவான், திரும்பி வருவான். பொங்கலுக்குப் பொங்கல் இதுதான் நடந்தது.

ஆனால் அவன் தொட்டது கையால் அல்ல, துண்டால்.

அந்தப் பக்கத்து ஊர்களில் சடுகுடு என்பது பண்ணாடிமார், அதாவது நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ஆடுகிற ஆட்டம். சேரி ஆளுக்கு அதில் இடமில்லை. பக்கத்து ஊரிடம் வரிசையாகத் தோற்றபோது மானமா ஆசாரமா என்று கேள்வி வந்துவிட்டது. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து இரண்டையும் காப்பாற்ற வழி கண்டுபிடித்தார்கள். பழனான் பாடிப் போகட்டும். தோளில் துண்டு இருக்கட்டும். துண்டின் நுனி பட்டாலே தொட்டதாகக் கணக்கு. அவனை யாரும் பிடிக்கக் கூடாது, அவன் மூச்சு அறுகிற வரை எதிராளிகள் ஓடித் தப்பிக்கலாம். எதிர் ஊர்க்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்களிடமும் அப்படி ஒருவன் இருந்தான். மனிதனுக்கு மூளை எதற்கெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்.

பழனானின் மூச்சு லேசில் அறாது. அவன் ஒருவன் துண்டோடு துரத்துவான். ஏழு பேர் அவனைக் கண்டு சிதறி ஓடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வீரம். களத்தின் நடுவில் நிற்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை.

ஜெயித்ததும் தப்பட்டை முழங்கும். குழுத் தலைவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். பழனான் கடைசியில் நடந்து வருவான். தெரு பிரிகிற இடத்தில் அவர்கள் ஒரு பக்கம் திரும்புவார்கள், அவன் ஒரு பக்கம் திரும்புவான். வீடு போய்ச் சேர்வதற்குள் சந்தோஷமெல்லாம் வடிந்துவிடும். இன்னும் நன்றாக ஆடினால் என்றைக்காவது ஊர் தன்னை 'நம்ம ஆளு' என்று சொல்லும் என்று நம்பினான். அவனுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

மழை பொய்த்த வருஷம் கோயமுத்தூருக்கு வந்து ஒரு நூல் மில்லில் பதிலி ஆளாகச் சேர்ந்தான். மில்லுக்கு ஒரு சடுகுடு குழு இருந்தது. அதைப் பழக்கியவர் ஞானசிகாமணி. மில்லில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற பிட்டர் வேலை. பழனானைவிட வயதில் இளையவர்தான், ஆனால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பாதி வார்த்தை பேசுவார், மீதியைக் கேட்கிறவன் பாடு என்று விட்டுவிடுவார்.

"எங்க ஊர்ல என்னையப் புடிச்சவன் கெடையாதுங்க மாஸ்டர்," என்றான் பழனான்.

"அப்படியா? போய்ப் பாடு."

போனான். குழுவின் முன்வரிசை ஆள் கோவிந்தராஜு. அவன் மார்பில் பழனான் துண்டின் நுனியைச் சொடுக்கினான். தொட்டாயிற்று. மார்பை நிமிர்த்திக்கொண்டு கோட்டைப் பார்த்து நிதானமாக நடந்தான். ஓடக்கூட இல்லை, பாவம்.

ஒருவன் கணுக்காலைப் பிடித்தான். கோவிந்தராஜு இடுப்பைக் கட்டினான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள்.

பழனான் திமிறவில்லை. பாட்டு நின்றுவிட்டது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு உடம்பைச் சுருட்டிக்கொண்டான். துண்டைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர்கள் அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

"எந்திரிங்கப்பா," என்றார் மாஸ்டர்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு பழனான் அவரிடம் வந்தான்.

"புடிபடாம இருக்க நான் என்னங்க பண்ணோணும்?"

"தலைய எதுக்கு மூடுன?"

பழனான் யோசித்தான். இதையெல்லாம் கேட்பார்களா என்ன என்பது போல அவரைப் பார்த்தான்.

"மேல கை பட்டா அடுத்தது அடிதானுங்களே."

மாஸ்டர் அவன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து நீ பாட வேண்டாம். புடிக்கிறவங்களோட நில்லு," என்றார்.

பிடிக்கிறவர்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்பார்கள். மறுநாள் பழனான் ஓரத்தில் நின்றான். கோவிந்தராஜு கையை நீட்டினான். பழனான் தன் துண்டின் நுனியை நீட்டினான்.

"ஏப்பா, நான் என்ன மாட்டையா புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்?" என்றான் கோவிந்தராஜு.

மாஸ்டர் வந்து துண்டை வாங்கினார். கையிலிருந்த கிரீஸை அதில் நன்றாகத் துடைத்தார். பிறகு தன் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பழனான் வேறு வழியில்லாமல் கையைக் கொடுத்தான். அதுவும் விரல் நுனியை மட்டும்தான். கோவிந்தராஜு நல்ல மனுஷன், மீதியைத் தானே இழுத்துக் கோத்துக்கொண்டான்.

கை கோத்துவிட்டான் என்பதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. எதிராளி பாடி வரும்போது பழனான் பாய்வான், கை நீளும், ஆனால் ஒரு சாண் தூரத்தில் தானாக நின்றுவிடும். அந்த ஒரு சாணில் எத்தனை தலைமுறை நின்றதோ. குழுவில் முணுமுணுப்பு வந்தது. பழனான் மில் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியே சாப்பிட்டான். வாசலில் மற்றவர்கள் தாயம் ஆடிச் சிரிப்பது கேட்கும். வா என்று அவர்கள் கூப்பிட்டார்கள், இவன்தான் போகவில்லை. ஊரில் கூப்பிடாத இடத்துக்குப் போக ஆசைப்பட்டவன் இங்கே கூப்பிட்ட இடத்துக்குப் போகத் தெரியாமல் கிடந்தான்.

ஒரு நாள் மாஸ்டரிடம் வெடித்தான்.

"இது எங்க ஊரு ஆட்டமே இல்லீங்க. அங்க பொழுது சாயற வரைக்கும் ஆடுவோம். இங்க எதுக்குங்க விசில் ஊதி நிறுத்தறீங்க?"

"அடுத்த ஷிப்டுக்குச் சங்கு ஊதிருவான். அதுக்குள்ள முடிக்கணும்."

"அங்க காடு பூரா ஓடுவோம். இங்க எதுக்குங்க நாலு பக்கமும் கோடு?"

"பஞ்சு குடோனுக்கும் சுவருக்கும் நடுவுல மில்லுக்காரன் விட்ட எடம் அவ்வளவுதான்."

"செரி, இந்தப் புடி? இதை யாருங்க கொண்டு வந்தது?"

மாஸ்டர் அவனைக் கூட்டிக்கொண்டு மில்லுக்குள் போனார். ஓடுகிற இயந்திரங்களுக்கு நடுவே, ஒரு பெரிய தோல் பட்டை சுழல்கிற இடத்தில் நின்றார். சத்தத்தில் காதோடு வாய் வைத்துப் பேச வேண்டியிருந்தது.

"இந்தப் பட்டையில ஒருக்கா கோவிந்தராஜு வேட்டி மாட்டிக்கிச்சு. உள்ள இழுக்குது. பக்கத்துல இன்னொருத்தன் நிக்கிறான். என்ன பண்ணுவான்?"

"புடிச்சு இழுப்பானுங்க."

"எப்படி?"

மாஸ்டர் பழனானின் பின்னால் போய் இடுப்பைச் சுற்றி இரண்டு கைகளையும் போட்டு, விரல்களைக் கோத்து, ஒரே தூக்காகத் தூக்கிப் பின்னால் சாய்ந்தார். இருவரும் பஞ்சுத் தூசியில் விழுந்தார்கள்.

"இப்படி," என்றார் கீழே கிடந்தபடியே. "யாரு என்னன்னு கேட்டுட்டா புடிப்பான்?"

பழனான் தலையை மூடவில்லை என்பதை அவர் கவனித்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் இழுத்தவன் களத்துலயும் அதே புடியப் போட்டான். அதுக்கு முன்னாடி எங்க குழுவுல இடுப்புப்புடி கெடையாது."

"இழுத்தது யாருங்க?"

"பக்கத்துல நின்னவன்," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் எழுந்து பட்டையைப் பார்க்கப் போய்விட்டார்.

மார்கழியில் வேறொரு மில்லோடு ஆட்டம் வந்தது. பழனானைச் சேர்க்க வேண்டாம் என்று குழுவில் இருவர் சொன்னார்கள். மாஸ்டர் அது காதில் விழாதவர் போல அவனைச் சங்கிலியின் ஓரத்தில் நிறுத்தினார்.

எதிராளி நல்ல தடியன். பாடி வந்தான், கோவிந்தராஜுவின் தோளைத் தட்டினான், திரும்பினான். அவன் கோட்டைத் தொட்டால் கோவிந்தராஜு வெளியே போக வேண்டும். பழனான் பாய்ந்தான். கை நீண்டது. இந்தத் தடவை நிற்கவில்லை. தடியனின் இடுப்பைச் சுற்றி விரல்கள் கோத்துக்கொண்டன. தடியன் அவனையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். குழு முழுக்க மேலே விழுந்தது. அடியில் புழுதிக்குள் பழனான்.

விசில் ஊதியது. எல்லோரும் எழுந்தார்கள். பழனான் மட்டும் எழவில்லை.

மாஸ்டர் ஓடி வந்தார். "அடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"பின்ன எந்திரி."

"அதுக்குள்ள எல்லாரும் எந்திரிச்சுட்டாங்களேன்னுங்க," என்றான். அவன் முகத்தில் புழுதி ஈரமாக இருந்தது.

அன்றைக்கு டீக்கடைக்கு நடந்தபோது கோவிந்தராஜு பேச்சுவாக்கில் அவன் தோளில் கை போட்டான். அந்தக் கை நழுவிவிடக் கூடாதென்று பழனான் வழியெல்லாம் மெதுவாக நடந்தான். பிறகு அவன் பாடியும் போனான். பல தடவை பிடிபட்டான். பிடிபட்டதும் திமிறினான், சில தடவை ஏழு பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். ஊரில் அவன் ஆடியது மூச்சால் மட்டும்தான், பலத்தால் அல்ல என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

மறு வருஷம் பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் மில் கேட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பழனான் ஊரின் சின்னப் பண்ணாடி குமாரசாமி, ஊர்க் குழுவுக்குத் தலைவர். மற்றவர் அவர் பங்காளி. பழனான் கேட்டுக்கு ஓடினான். பழக்கத்தில் உடம்பு தானாகவே குனிந்துகொண்டது.

"என்ன பழனா, பட்டணம் ஒத்துக்கிச்சா?" என்றார் குமாரசாமி. "பொங்கலுக்கு வந்து ஆடோணும். நீ இல்லாம போன வருசம் மானம் போச்சு."

"பொங்கலன்னிக்கு இங்கயும் ஆட்டம் இருக்குதுங்க, பண்ணாடி."

"இருக்கட்டும். ஊரு முந்தியாட்ட இல்லடா. காலம் மாறிப்போச்சு, நாங்களும் மாறோணுமல்ல? ரெண்டு ஊர்லயும் பேசி முடிச்சாச்சு. இனித் துண்டு கிண்டு எதுவும் வேண்டாம். நீ கையாலயே தொடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "நீ நம்ம ஆளுடா," என்றார்.

பழனானுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பொங்கலாகக் காத்திருந்த வார்த்தை. நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மாஸ்டரைத் தேடி ஓடினான்.

மாஸ்டர் பட்டறையில் ஏதோ ஒரு இரும்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"எங்க ஊரு மாறிருச்சுங்க மாஸ்டர்! கையாலயே தொடலாம்னு சொல்லிட்டாங்க. நம்ம ஆளுன்னு சொன்னாங்க, அவங்க வாயால சொன்னாங்க. நான் போகட்டுங்களா?"

"நல்ல சேதிதான்," என்றார் மாஸ்டர். அரத்தை நிறுத்தவில்லை. "அவங்க புடிப்பாங்களாமா?"

"யாரைங்க?"

"உன்னைத்தான்."

பழனான் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. திரும்பி மில் வாசலுக்கு நடந்தான்.

"பண்ணாடி, ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. நான் கையால தொட்டா, அவங்க என்னையப் புடிப்பாங்களுங்களா?"

குமாரசாமி பங்காளியைப் பார்த்தார். பங்காளி ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தார். குமாரசாமி சட்டென்று சத்தமாகச் சிரித்தார்.

"அட, உன்னையப் புடிக்க யாருனாலடா முடியும்!"

பங்காளியும் சிரித்தார். பழனானும் கொஞ்சம் சிரித்தான். பிறகு பட்டறைக்குத் திரும்பினான். இந்தத் தடவை ஓடவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"என்னையப் புடிக்க யாருனாலயும் முடியாதுன்னு சொல்றாங்க."

மாஸ்டர் அரத்தைக் கீழே வைத்தார்.

"இங்க முடியுதே, பழனா," என்றார்.