உள்ளான் கேட்ட மீதிச் சொல்

அந்தக் காலத்தில், பறவையும் நண்டும் மனிதரைவிட நன்றாக வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், சங்குமுனை என்ற கடற்கரை ஊரில் உள்ளானுக்கு ஓர் அநியாயம் நடந்தது. விருந்தாளி ஒருத்தி ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள். சொன்னவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு மரம்போல நின்ற ஊரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த விருந்தாளிக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவளைப் பிடித்து, "எல்லாம் உன்னால்தான்" என்று தள்ளி வைத்தார்கள்.

உள்ளான் என்றால் தெரியும்தானே? கரையோரம் குச்சிக் காலை வைத்துக்கொண்டு குடுகுடுவென்று ஓடுமே, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக, அந்தப் பறவைதான். பெயர் உள்ளான், ஆனால் இவள் பெண். பெண்ணுக்கு எதற்கு இப்படி ஆண்பிள்ளைப் பெயர் என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். "காலங்காலமா அப்படித்தான்" என்றார்கள். அது ஒரு பதிலா?

சங்குமுனையில் கரைகாத்த அம்மன் கோயில் கடலைப் பார்த்தபடி இருந்தது. மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் யாத்திரை வருகிறவர்களுக்கு உள்ளான்தான் ஊர் காட்டுவாள். காலையில் தாழங்காட்டில் ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் கோயில் படியில் முடிந்துவிடும். சின்னச் சுற்றுதான், ஆனால் ஒன்றையும் விடமாட்டாள். முன்னால் ஓடுவாள், நின்று திரும்பிப் பார்ப்பாள், பின்தங்கியவர்களைக் கூட்டிவர மறுபடி பின்னால் ஓடுவாள்.

"யானையண்ணே, கெணத்துக்குள்ள தும்பிக்கைய விடாதீக, நான் தண்ணி மோந்து தரச் சொல்லுதேன். மயிலக்கா, தாழம்பூவப் பாருங்க, பறிக்காதீக. உள்ள பாம்பண்ணன் தூங்குதாக."

அப்போது கரையில் அலை கிடையாது. கடல் தாம்பாளம் மாதிரிக் கிடக்கும். அலைகளெல்லாம் நடுக்கடலில் குடியிருந்தார்கள். கரை என்று ஒன்று இருப்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒருநாள் விடிந்து சற்று நேரத்தில், கடல் புடைத்துக்கொண்டு வந்தது. பனை உயரத்துக்கு ஒருத்தி வந்து நின்றாள், தலை நிறைய நுரைப்பூ.

"ஏ புள்ள, இங்க ஒரு அம்மன் இருக்காளாமே. பாக்க முடியுமா?"

உள்ளான் அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலித்தது.

"பாக்கலாம் அக்கா. மொதல்ல குனிஞ்சு வாங்க. இந்த ஒசரத்துல வந்தீகன்னா நீங்க ஊரப் பாத்து முடிக்கும்போது பாக்க ஊரு இருக்காது."

அலை குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே பாதி உயரம் இறங்கிவிட்டது. மீதியைக் குனிந்து குறைத்துக்கொண்டு, முழங்கால் அளவாகி, உள்ளான் பின்னால் வந்தாள்.

தாழங்காட்டில் வேர்களையெல்லாம் தடவிப் பார்த்தாள். அடுத்து கிணறு. சங்குமுனைக் கிணறு கடலை ஒட்டியே இருந்தாலும் தண்ணீர் தித்திக்கும். அலைக்கு நம்பிக்கை வரவில்லை.

"நானும் தண்ணிதான், அதுவும் தண்ணிதான். எங்கிட்ட இல்லாத ருசி அதுல என்ன இருக்கு? எறங்கிப் பாத்துட்டு வரட்டா?"

உள்ளான் கிணற்று வாயில் சிறகை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "நீங்க எறங்குனா அப்புறம் இது கெணறு இல்ல அக்கா, ஊறுகாச் சாடி. பாக்கத்தானே வந்தீக? தள்ளி நின்னு பாத்தாலும் பாத்ததுதான்."

அலை அடங்கிப்போய் எட்டி மட்டும் பார்த்தாள். கோயிலில் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே விளக்கு தெரிந்தது, மணி அடித்தது. அவ்வளவு நேரம் சளசளவென்று பேசிக்கொண்டு வந்தவள், தலையிலிருந்த நுரைப்பூவை எடுத்துப் படியில் வைத்தாள்.

திரும்பும் வழியில்தான் அந்தக் கூத்து நடந்தது. கடலோரத்தில் ஒரு தென்னை மட்டையில் உட்கார்ந்து நண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அலை பாராமல் மட்டைக்கு அடியில் புகுந்துவிட்டாள். மட்டை எழும்பியது, நண்டோடு சேர்ந்து சறுக்கியது, சர்ரென்று வந்து மணலில் நின்றது. நண்டுக்குக் கண் ரெண்டும் காம்பு நீண்டு நின்றன. செத்துவிட்டதோ என்று எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ!" என்றது நண்டு.

பிறகு கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு மட்டையைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். ஆமைக்கு மட்டை தேவைப்படவில்லை; மல்லாக்கப் படுத்துக்கொண்டது. கோயில் தர்மகர்த்தாவான கூழைக்கடாப் பறவை மட்டும் கரையில் நின்று, "கோயில் ஊர்ல இதென்ன கூத்து?" என்று முறைத்தார். கொஞ்ச நேரத்தில், "சும்மா சோதிச்சுப் பாக்கேன்" என்று அவரும் ஒரு மட்டையில் ஏறினார். தாடைப்பையில் காற்று அடைத்துக்கொண்டு, கடற்கரையின் அந்தக் கோடிவரை போனார். நடந்து திரும்பி வந்து, "இன்னும் சரியா வெளங்கல" என்று மறுபடி ஏறினார்.

வெயில் சாயும்போது அலை எழுந்துகொண்டாள். "சரி, நேரமாச்சு. நான் போறேன்."

கரை கப்பென்று அடங்கிவிட்டது.

சங்குமுனையில் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். அடுத்த வீட்டுக்கு உப்பு வாங்கப் போனாலும் 'போயிட்டு வாரேன்' என்பார்கள். புற்றைவிட்டுக் கிளம்பும் எறும்புகூட அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பும். 'போறேன்' என்றால் அங்கே ஒரே அர்த்தம்: இனி உங்கள் முகத்தில் விழிக்கமாட்டேன். அலைக்கு அது எங்கே தெரியும்? நடுக்கடலில் யாரும் போவதும் இல்லை, வருவதும் இல்லை. இருந்த இடத்திலேயே எழுந்து இருந்த இடத்திலேயே உட்காருவார்கள். விடைபெறும் பேச்சு அவர்களுக்கு எதற்கு?

நண்டு கொடுக்கைத் தூக்கியபடி நின்றது. கூழைக்கடா பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். உள்ளானோ, விருந்தாளியின் பேச்சை ஊர் முன்னால் திருத்துவது எப்படி என்று தவித்தாள். அலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சற்று நின்றாள். பிறகு போய்விட்டாள்.

கடல் மறுபடி தாம்பாளமாகிவிட்டது. ருசி கண்ட ஊர் சும்மா இருக்குமா? தினமும் மட்டைகளில் ஏறித் தண்ணீரில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வெயிலில் ஆமைக்கு வயிறு வெந்ததுதான் மிச்சம்.

கூழைக்கடா புன்னைமரத்தடியில் ஊரைக் கூட்டினார்.

"ஏட்டி, கூட்டிட்டு வந்தவ நீ. கூடவே சுத்துனவ நீ. மொறையான ஒரு சொல்லச் சொல்லிக் குடுக்கத் தெரியல ஒனக்கு."

"அதானே!" என்றது நண்டு.

"வந்தவுக சொல்லுற சொல்லுக்கெல்லாம் வழி காட்டுனவதான் பொறுப்பா அண்ணாச்சி? இது எந்த ஊரு நியாயம்? போன மாசம் யானையண்ணன் கோயில் வாசல்ல தும்முனாக. அதுவும் நாந்தானா?"

"அதானே!" என்றது நண்டு.

"நண்டண்ணே, நீங்க எந்தப் பக்கம்?"

"நான் எப்பவும் பக்கவாட்டுதான்."

ஊர் சிரித்தது. கூழைக்கடாவுக்கு எரிச்சல் ஏறியது. "ஒனக்கு வாய் ரொம்ப நீளம்ட்டி."

உள்ளான் அவருடைய அலகை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை நிதானமாகப் பார்த்தாள். "நீளத்தப் பத்தி நீங்க பேசலாமா அண்ணாச்சி?"

புன்னைமரமே குலுங்குகிற அளவுக்கு ஊர் சிரித்தது. சிரித்த ஊர் அவள் பக்கம் நின்றதா? இல்லை. சிரிப்பது வேறு, நிற்பது வேறு. கூழைக்கடா பையை இறுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "இனி ஈர மணல்தான் ஒனக்கு எல்லை. ஒலந்த மணல்ல கால் படக் கூடாது. அவ திரும்பி வந்து மொறையாச் சொல்லிட்டுப் போற வரைக்கும் ஊர் காட்டுற சோலியும் ஒனக்கு இல்ல."

உள்ளான் ஈர மணலுக்குப் போனாள். யாத்திரைக் கூட்டத்தைக் கூழைக்கடாவே கூட்டிக்கொண்டு அலைந்தார். பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். மீதியைச் சிறகால் சுட்டிச் சொல்வார், அதுவும் தப்பாக. உள்ளானால் பொறுக்க முடியாது. "அண்ணாச்சி, கெணறு எடது பக்கம்!" என்று கீழேயிருந்து கத்துவாள். தன் கூட்டம் அடுத்தவர் பின்னால் தப்பான திசையில் போவதைப் பார்க்கிற வேதனை இருக்கிறதே, அது தள்ளி வைத்ததைவிடப் பெரிய வேதனை.

கத்திக் கத்தித் தொண்டை வறண்ட ஒருநாள், அவள் தனக்குத்தானே வாதாட ஆரம்பித்தாள். அவுக 'போறேன்'னாக. சரி, தப்புன்னே வச்சுக்குவோம். ஒருத்தி கிளம்பும்போது வீட்டிலிருக்கிறவர்கள் என்ன சொல்ல வேண்டும்? 'போயிட்டு வாங்க' என்று சொல்ல வேண்டும். அது போகிறவள் சொல் இல்லை, இருக்கிறவர்கள் சொல். அதை யார் சொன்னது? கூழைக்கடா சொன்னாரா? நண்டு சொன்னதா? நான் சொன்னேனா? வந்தவள் வாயில் வராத சொல்லுக்குப் பஞ்சாயத்து வைத்த ஊர், தன் வாயில் வராத சொல்லை நினைக்கவேயில்லையே!

உள்ளானுக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், வயிறு, கழுத்து. கால் தரையைவிட்டு நழுவியபோது தலையை உள்ளே முக்கினாள். கடலுக்குக் காது தண்ணீருக்குள்தானே இருக்கும்?

"அக்கா! போயிட்டு வாங்க!"

குமிழிதான் வந்தது. வாயெல்லாம் உப்பு. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முக்கினாள். "அக்கா! எங்க ஊருக்குத் திரும்பி வாங்க!"

தூரத்தில் கடல் புடைத்தது. அடுத்த கணம் யாரோ அவளை அள்ளியெடுத்து ஈர மணலில் மெத்தென்று வைத்தார்கள்.

"இதச் சொல்ல இத்தன நாளாட்டி?" அலை மூச்சு வாங்க நின்றாள். "நான் திரும்பிப் பாத்துட்டு நின்னேன். ஒருத்தர் வாயத் தொறக்கல. நம்மளப் பிடிக்கல போலன்னு போயிட்டேன்."

"நாங்க ஒங்களுக்குத்தான் எங்களப் பிடிக்கலன்னு நெனச்சோம் அக்கா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்த சிரிப்பில் கரை முழுக்க நனைந்தது. உள்ளான் விவரத்தைச் சொன்னாள்: எங்க ஊர்ல போறவுக 'போயிட்டு வாரேன்'ம்பாக, இருக்கறவுக 'போயிட்டு வாங்க'ம்பாக. அலை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இந்தமுறை அவள் வெறுங்கையோடு வரவில்லை. ஊருக்குச் சோழியும் சிப்பியும், உள்ளானுக்குப் பொடி இறாலும் கொண்டுவந்திருந்தாள்.

ஊர் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. கூழைக்கடா எல்லோருக்கும் முன்னால் வந்தார். "வந்துட்டாளா? நல்லதாப் போச்சு. சரி, நீயும் ஊருக்குள்ள வாட்டி. தள்ளி வச்சது முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சு எப்படிப் போகும்? தப்பு எம்மேல இல்லன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"இப்பத்தான் அண்ணாச்சி."

உள்ளானுக்குப் பின்னால் அலை மெல்ல, மிக மெல்ல, பனை உயரத்துக்கு எழுந்தாள். கூழைக்கடா அண்ணாந்து பார்த்தார். தாடைப்பையில் எச்சில் விழுங்குவது தெரிந்தது.

"தப்பு ஒம்மேல இல்ல. ஊர்மேலதான்."

"ஊருன்னா யாரு?"

"...எம்மேலயும்தான்."

"அதானே!" என்றது நண்டு.

"போதுமாட்டி? நாளைக்குக் காலைல மலையிலேர்ந்து ஒரு கூட்டம் வருது. கூட்டிட்டுப் போ."

உள்ளான் சிறகை உதறினாள். "ஊர நீங்களே காட்டுங்க அண்ணாச்சி. கெணறு எங்கன்னு இப்பத் தெரியும்லா? எனக்கு இங்கயே சோலி கெடக்கு. அக்காவுக்கு வழி பழகல, எங்க நிக்கணும்னு தெரியல. நான் பக்கத்துல இல்லன்னா நேரா கெணத்துக்குள்ள எறங்கிருவாக."

அன்று எல்லோரும் ஆசை தீரச் சறுக்கினார்கள். அலை கிளம்பினாள். ஊரே சேர்ந்து, "போயிட்டு வாங்க!" என்று கத்தியது. அலையும் உற்சாகமாகத் திரும்பி, "சரி, நான் போ..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் கடல் அவளைப் பின்னால் இழுத்துவிட்டது. மீதிச் சொல் நுரையில் கரைந்துபோனது. ஊர் மறுபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளான் நிற்கவில்லை. ஒருதடவை பட்டது போதாதா? பின்வாங்கும் தண்ணீருக்குப் பின்னாலேயே குடுகுடுவென்று ஓடினாள்.

அன்று முதல்தான் அலை கரைக்கு வருவதும் போவதுமாக இருக்கிறாள். இன்று அலைச்சறுக்குப் பலகையில் ஏறிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களும் அவள் வருவாள் என்ற நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று முதல்தான் உள்ளான் ஈர மணலை விட்டு ஏறுவதில்லை. அலை வரும்போது, "பைய வாங்க, பாத்து வாங்க" என்று முன்னால் ஓடுவாள்; அலை திரும்பும்போது, பாதிச் சொல்லோடு போகிறவளை விடாமல் பின்னால் ஓடி, "அக்கா, மீதியையும் சொல்லிட்டுப் போங்க!" என்பாள். அதற்கு நுரைக்குள்ளிருந்து பதில் வரும்:

"...யிட்டு வாரேன்ட்டி!"