காலியாக விட்ட கீழ்த்தட்டு

தமயந்தி மேடத்தின் கையெழுத்து லேசில் விழாது. கட்டட வரைபடத்தோடு போகிற இன்ஜினியர்கள் கடையில் ஒரு டீ குடித்துத் தெம்பேற்றிக்கொண்டுதான் அவர் அறைக்குள் நுழைவார்கள். சாதிக் அன்றைக்கு டீகூடக் குடிக்கவில்லை. அவ்வளவு தைரியம்.

காரணம் இருந்தது. மேடத்திடம் வேலை கற்றவன் தனியாகக் கணக்குப் போட்ட முதல் அடுக்குமாடி அது. தரைத்தளம் முழுக்க வெறும் தூண்கள், கார் நிறுத்துவதற்கு. மேலே நான்கு மாடி வீடுகள். அதில் ஒன்றை அவன் தங்கை ஜுலைகா வாங்கியிருந்தாள். அண்ணன் போட்ட கணக்கு, பூகம்பமே வந்தாலும் நிம்மதியாகத் தூங்குவேன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட். பில்டர் விடிந்ததிலிருந்து போனில் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

மேடம் வரைபடத்தைப் புரட்டிவிட்டு, செங்கல் சுவர்களைக் கணக்கில் எப்படி எடுத்தாய் என்று கேட்டார்.

எடையாக மட்டும் எடுத்தேன் என்றான். பாரத்தைத் தாங்குவது தூணும் பீமும்தான். சுவர் நடுவில் அடைப்புக்கு நிற்பது. அதனால் ஏதாவது பலம் கிடைத்தால் நமக்கு லாபம்தானே என்று சிரித்தான்.

மேடம் சிரிக்கவில்லை. அறையில் தனியாக நின்ற ஃபைல் ரேக்கைக் காட்டினார். மழைக்காலத்தில் தண்ணீர் புகுகிற ஆபீஸ் அது. அந்தப் பயத்தில் கீழ்த்தட்டில் யாரும் எதையும் வைப்பதில்லை. மேல்தட்டுகளில் மட்டும் இரும்புக் காலுக்கு இரும்புக் கால் இடைவெளியில்லாமல் ஃபைல்களைத் திணித்து வைத்திருந்தார்கள். ஒன்றை உருவுவதற்குள் விரல் நகம் பெயர்ந்துவிடும்.

“பக்கவாட்டில தள்ளு,” என்றார்.

தள்ளினான். மேல்தட்டுகள் ஒரே பெட்டியாக நகர்ந்தன. கீழே கால்கள் மட்டும் சாய்ந்தன. போல்ட் கிறீச்சிட்டது. சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

“ஃபைலையெல்லாம் இறக்கு.”

இறக்கினான். தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோயிற்று. பில்டரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை முடிந்ததும் மறுபடி தள்ளச் சொன்னார். இந்தத் தடவை ரேக் மேலிருந்து கீழ்வரை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து ஆடியது. எந்தத் தட்டும் தனியாகச் சிரமப்படவில்லை.

“உன் கம்ப்யூட்டர் எந்த ரேக்கை ஆட்டிப் பார்த்துச்சு, சாதிக்?”

அவனுக்கு உறைத்தது. காலி ரேக்கைத்தான்.

“எடையைப் போட்டேனே மேடம்,” என்றான், குரல் இறங்கி.

“போட்டே. மேல் மாடிச் சுவரெல்லாம் அந்த ஃபைல் மாதிரி தூணைப் பிடிச்சு இறுக்கிட்டு நிக்கிறதை யார் போடுவா?”

சாதிக் அந்தக் காலிக் கீழ்த்தட்டைப் பார்த்தான்; பூகம்பம் வந்தால் ஆட்டமெல்லாம் சுவரில்லாத தரைத்தளத் தூண்களில்தான் இறங்கும். ஜுலைகாவின் நிம்மதியான தூக்கம் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டான். ஸ்டோர் ரூமில் கிடந்த பிளைவுட் துண்டுகளை எடுத்துவந்து கீழ்த்தட்டில் பின்பக்கம் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக வைத்து முடுக்கினான். ஃபைல்களை மறுபடி திணித்தான். தோள் கொடுத்துத் தள்ளினான். ரேக் அசையவில்லை.

அப்போதுதான் போனை எடுத்தான். திங்கட்கிழமை கான்கிரீட் இல்லை என்றான். கணக்கை முதலிலிருந்து போடப் போகிறேன், தரைத்தளத் தூண்கள் பருமனாகும், நடுவே சில இடங்களில் அஸ்திவாரத்திலிருந்தே கான்கிரீட் சுவர் எழும்பும் என்றான். பில்டர் கத்திய கத்தல் மேடத்தின் மேஜைவரை கேட்டது. கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, சொன்னதையே திரும்பச் சொல்லிவிட்டு வைத்தான்.

வரைபடத்தைச் சுருட்டியவன் வாசல்வரை போய்த் தயங்கி நின்றான்.

“அந்தச் சுவர் வர்ற இடத்துல ரெண்டு கார் பார்க்கிங் போகுது மேடம். ஒண்ணு தங்கச்சியோடது. கார் நிறுத்த இடம் இருக்குன்னுதான் அவ வீடே வாங்கினா. அவகிட்ட நான் என்னன்னு சொல்ல?”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கார் தெருவுல நின்னுக்கும்னு சொல்லு. வீட்டுக்கு நிக்க வேற இடம் கிடையாது.”