சொல்லாமல் விட்ட பட்டம்

வெண்மருதூர் மருதவாணர் கோயிலில் கட்டியம் கூறுவது ஐயாறனாரின் தொழில். சுவாமி புறப்படும்போது முன்னே நின்று அவருடைய திருநாமங்களை உரக்கச் சொல்ல வேண்டும். கூலி, கோயிலில் அளந்து தரும் இரண்டு வேளைப் பட்டைச் சோறு. ஈர வேட்டியோடு நின்று அவர் பெயர்களைச் சொன்னால் தெருவே கைகூப்பும். அதுவே அவருடைய பூசை. வேறு பூசை அவர் அறியார்.

சுவாமியின் பெயர்களுக்குப் பிறகு ஊர்த்தலைவன் சேந்தனின் பட்டங்களையும் சொல்வது வழக்கம். கடைசிப் பட்டம் 'குடிகளுக்கு நீர் காத்த கோமான்'. அந்தக் கோமான்தான் அவ்வாண்டு ஏரி மடையை அடைத்து, நீரையெல்லாம் தன் கரும்புத் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டான். கீழ்க்குடியில் பயிர் கருகியது. குடிக்க நீரின்றிக் கைக்குழந்தைகள் இரண்டு செத்தன. ஊர்ப் பெரியவர்களோ வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு திருவிழாவுக்குத் தோரணம் கட்டினார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தேர் நாளில் ஐயாறனார் பட்டங்களை வரிசையாகச் சொல்லி வந்தார். கடைசிப் பட்டத்தில் வாயை மூடிக்கொண்டார். கூட்டம் காத்திருந்தது. அவர் சேந்தனையே முறைத்தபடி நின்றார்.

"என்ன ஓய், மறந்துபோச்சா?" என்று கேட்டான் சேந்தன்.

அது மறதியல்ல என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்தது.

"அந்தப் பேரைச் சொல்ற வரைக்கும் இவன் கோயில் படியை மிதிக்கக் கூடாது!" என்று கத்தினான் சேந்தன்.

சோறு நின்றது. 'ஊமைக் கட்டியக்காரன்' என்று தெருவில் சிரித்தார்கள். பசியையும் சிரிப்பையும் அவர் பொறுத்தார். சந்நிதியில் நின்று இறைவன் பெயரைச் சொல்ல முடியாததுதான் அவரை வாட்டியது.

மனைவி நங்கையாருக்கு மனம் தாளவில்லை. "என்னங்க, ஒரே ஒரு பேரு. அதைச் சொல்லிட்டு சாமிகிட்டப் போங்களேன்."

"அந்தப் பொய்யைச் சொன்ன வாயால சாமி பேரை எப்படிடீ சொல்லுவேன்?" என்று சீறினார்.

மடை திறக்காமலே ஓராண்டு கழிந்தது. மறுதிருவிழாவில் புதியவன் ஒருவன் கட்டியம் கூறினான். ஐயாறனார் கோபுரத்துக்கு வெளியே வெயிலில் நின்றார். கடைசிப் பட்டத்துக்குப் புதியவன் வாய் திறந்தான், குரல் வரவில்லை. மணியை இழுத்தார்கள், நாக்கு ஆடியது, ஓசை எழவில்லை. சங்கும் மேளமும் அப்படியே. அதட்டப் போன சேந்தனின் உதடுகள் வெறுமனே அசைந்தன. அப்போது கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"இந்த ஊர் கூவியது எதுவும் எமக்குக் கேட்கவில்லை. ஐயாறன் சொல்லாமல் விட்டது ஒன்றே கேட்டது. சேந்தா, போய் மடையைத் திற!"

சேந்தன் ஓடிப்போய்த் தன் கையாலேயே மடைப்பலகையைத் தூக்கினான். கீழ்க்குடி வாய்க்காலில் நீர் இறங்கிய பிறகே மணி ஒலித்தது. ஐயாறனார் படியேறிச் சென்று, நெஞ்சில் தேக்கி வைத்திருந்த திருநாமங்களையெல்லாம் சொன்னார். அந்தக் கடைசிப் பட்டத்தை அன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி அவரிடம் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

நீர் வந்தது, செத்த பிள்ளைகள் வரவில்லை. அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவே இல்லை. ஆறாத கோபத்தையும் இறைவன் முன் கொண்டுபோய் வைத்த அந்த அடியாரின் பாதம் பணிகிறோம்.