ஏன் என்று கேட்காதவர்

"அம்மா, என்னைச் செருப்பால அடிங்க!"

தில்லைநாயகம் கத்திக்கொண்டே மடத்துச் சமையல்கட்டுக்குள் வந்தார். வயது அறுபத்திரண்டு. பதினோரு வருஷமாக மங்கையர்க்கரசி அம்மாவின் சீடர். அம்மா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருந்தாலும் குரு குருதானே.

"என்ன ஆச்சு?"

"வங்கியிலேருந்து பேசறேன்னு ஒருத்தன் பேசினான். கேஒய்சி முடிக்கல, மத்தியானத்துக்குள்ள மடத்துக் கணக்கு முடங்கிடும்னு அதட்டினான். போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டான். சொல்லித் தொலைச்சேன். கஞ்சிப் பணத்துல பாதி போச்சு!"

தினம் நூறு பேர் குடிக்கிற கஞ்சி. அதில் கைவைத்தவன் விளங்குவானா, பாவி!

அம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன் சொன்னீங்க?"

அவ்வளவுதான், தில்லைநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்னு கேக்கறீங்களா?"

சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பலகை தொங்கியது. 'சொன்னதைச் செய். ஏன் என்று கேட்காதே.' மடத்தில் சேருகிறவர்கள் முதல் நாள் அதைத்தான் கும்பிடுவார்கள்.

"கொட்டற மழையில செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னீங்க. ஊத்தினேன். கழுவின அண்டாவையே மறுபடி கழுவச் சொன்னீங்க. கழுவினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏன்னு கேட்டிருப்பேனா? அவனும் உங்களை மாதிரியேதான் அதட்டினான். வாய் தானா திறந்துடுச்சு!"

அந்த மடத்தில் குருவிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

தில்லைநாயகத்தின் கையிலிருந்த போன் அடித்தது. அம்மா அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வங்கிப் புகார்ப் பிரிவு. உங்க பணத்தைப் பிடிச்சுட்டோம். திருப்பி அனுப்பணும். ஒரு ஓடிபி வரும். சீக்கிரம் சொல்லுங்க."

வந்தது. ஆறு இலக்கம். அம்மா போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சொல்லுங்க."

அதே பழைய அதட்டல்.

"நாலு..." என்றார் தில்லைநாயகம்.

நிறுத்தினார்.

"அடுத்தது சார்? சார்?"

அம்மாவின் விரல் ஏற்கெனவே சிவப்புப் பொத்தானுக்கு மேல் நின்றது. தில்லைநாயகம் முந்திக்கொண்டு அழுத்தினார்.

"மாட்டேன்! நீங்க சொன்னாலும் சொல்ல மாட்டேன்!"



அம்மா எழுந்தார். பலகையைக் கழற்றினார். முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார்.

"திருடனுக்கு இத்தனை வருஷமா நான்தான் ஆள் பழக்கிக் குடுத்திருக்கேன். தூ!"

இரண்டு துண்டையும் அடுப்பில் திணித்தார். கஞ்சி பொங்கியது.

"சரி, நேரமாக்காதீங்க. உடனே போலீசுக்குப் போன் போடுங்க. நம்பர் நான் சொல்றேன்."

தில்லைநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்ல வேணாம்மா. ஸ்டேஷன் எதிர்லதான் இருக்கு."