மலையை மடித்த ஜெகவீரன்

பத்துக் கொடிகளையும் தொட்டுவிட்டு வந்ததாக ஜெகவீரன் அறிவித்தபோது அவன் கால்சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. எடுத்த வகிடு எடுத்தபடியே இருந்தது. கழுத்தில் புது மப்ளர் வேறு, கல்யாண மாப்பிள்ளைக்கு மாலை போட்ட மாதிரி.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பவளக்கொடிக்குக் காதுக்குள் வரை சேறு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முழங்கால் கிழிந்திருந்தது. விரல்கள் மரத்துப்போய், பூண்டு சூப் டம்ளரைப் பிடித்திருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது கொடிகளைத் தொட்டிருந்தாள். திரும்பி வந்த மற்றவர்கள் யாரும் அத்தனை தொடவில்லை. பத்தாவதற்குப் போனால் நேரத்துக்குத் திரும்ப முடியாது என்று மனசே இல்லாமல் வந்துவிட்டாள்.

கொடைக்கானல் மேல்மலையில் மார்கழிக் குளிரில் நடக்கிற சைக்கிள் பந்தயம் இது. ஆளுக்கு ஒரு மேப், ஒரு காம்பஸ், ஓர் அட்டை. காட்டிலும் தோட்டத்திலும் ஒளித்து வைத்த கொடிகளைத் தேடிப் போக வேண்டும். கொடிக்குக் கொடி துளை போடுகிற ஒரு பஞ்ச் தொங்கும். அதைக்கொண்டு அட்டையில் குத்திக்கொண்டு சொன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும். அதிகம் குத்தியவரைப் பந்தயம் நடத்தும் சைக்கிள் கிளப் தன் செலவில் ஹிமாச்சலில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு அனுப்பும். பவளக்கொடி அதற்காக இரண்டு வருஷமாக விடியற்காலையில் எழுந்து மேடு ஏறிக்கொண்டிருக்கிறாள். ஜெகவீரன் இரண்டு வருஷமாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான்.

இன்றைக்கு அவள் அவனைப் பார்த்தது ஒரே இடத்தில்தான். தார்ரோட்டு வளைவில், பிரெட் ஆம்லெட் கடையில்.

"அட்டை எங்கப்பா?" என்று கேட்டார் ஐசக் சார். கிளப்பை நடத்துகிறவரும் அவரே, இன்றைக்கு நடுவரும் அவரே. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷர். போட்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேரை ஜெகவீரன் தன் காட்டேஜில் ஓசியில் தங்க வைத்திருந்ததால் இன்றைக்கு அவருக்கு நாக்கே எழவில்லை.

"அதைத்தானே சார் சொல்ல வர்றேன்," என்று ஜெகவீரன் பெஞ்சுக்கு நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்தான். "முதல் கொடி பள்ளத்துக்கு அந்தப் பக்கம். இறங்கி ஏறினா ஒரு மணி நேரம் போயிரும். பார்த்தேன். பனி கெட்டித் தயிரா நிக்குது. சரி, தாங்குதான்னு பார்ப்போம்னு முன் சக்கரத்தை அது மேல வெச்சேன்."

"பனி மேலயா?" என்றாள் சூப் ஊற்றிக்கொண்டிருந்த சுருளியம்மா.

"பனி மேலதான்க்கா. லேசா அமுங்குச்சு, அவ்வளவுதான். இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு நேரா ஓட்டினேன். கீழ கேரட் தோட்டத்துல ஆளுங்க எறும்பு மாதிரி தெரியறாங்க. பாதி வழியில வெயில் வந்து பனி இளக ஆரம்பிச்சிருச்சு. வேற ஆளா இருந்தா செத்தான். நான் முன் சக்கரத்தைத் தூக்கிட்டு ஒத்தைச் சக்கரத்துல வந்தேன், பாரம் குறையணும்ல?"

"ஏப்பா, ரெண்டு சக்கரமும் உன் சைக்கிள்லதான இருக்கு? பாரம் எங்கிட்டுக் குறையும்?"

"அதெல்லாம் சைக்கிள் ஓட்டறவனுக்குத்தான்க்கா தெரியும்," என்றான் ஜெகவீரன். சுருளியம்மா கரண்டியால் தலையைச் சொறியாத குறை.

அந்தப் பள்ளத்தில்தான் பவளக்கொடி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் கிழிந்ததும் அங்கேதான். இருந்தாலும், எவ்வளவு தூரம் போகிறான், போகட்டும்.

போனான். அஞ்சு கொடி முடிந்ததாம். மிச்சம் அஞ்சும் மூலைக்கு ஒன்றாகக் கிடந்ததாம். நேரமோ கொஞ்சம்தானாம்.

"அப்பத்தான் சார் யோசிச்சேன். மலையைப் பார்த்துத்தானே மேப் போட்டிருக்கான்? அப்ப மேப் சொன்னா மலை கேக்கணும்ல? மேப்பை எடுத்து அஞ்சு கொடியும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி மடிச்சேன். கடகடன்னு ஒரு சத்தம். பார்த்தா மலையும் மடிஞ்சு வந்து எதுக்க நிக்குது. அஞ்சு கொடியும் ஒரே இடத்துல, வெத்தலை அடுக்கின மாதிரி. அட்டையை நீட்டி ஒரே குத்து. அஞ்சும் விழுந்துருச்சு."

ஓசியில் தங்கியிருந்த பையன்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஜெகவீரன் கண்டுகொள்ளவில்லை. கேட்கிறவர்கள் சிரித்தால் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொள்கிற ஜாதி அவன்.

"அட்டை, அட்டை," என்று ஐசக் சார் மெதுவாக நினைவூட்டினார்.

"காட்டுமாடு தின்னுருச்சு சார்."

"அட்டையையா?"

"திரும்பி வர்றப்ப ரெண்டு டயரும் பஞ்சர். பம்பு இல்ல. லாரி தண்டிக்கு ஒரு காளை வழியை மறிச்சு நின்னு புஸ்ஸுன்னு மூச்சு விடுது. டியூப் வாயை அது மூக்குல வெச்சேன். ஒரே மூச்சுல ரெண்டு டயரும் கல்லு மாதிரி ஆயிருச்சு. சும்மா செய்யுமா? கூலிக்கு அட்டையைத் தின்னுருச்சு. தின்னப்புறம் அதுக்கே மனசு கேக்கல சார். சைக்கிளைக் கொம்புல மாட்டிக்கிட்டு, என்னைத் திமில்ல ஏத்தி, ஊர் எல்லை வரைக்கும் கொண்டாந்து விட்டுச்சு. போறப்ப என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் நக்கியும் விட்டுச்சு. ஒரு பொட்டுச் சேறு இருக்கா பாருங்க!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இல்லைதான்.

ஐசக் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிளப் விதி ஒண்ணு இருக்கு. அட்டை தொலைஞ்சா, போட்டியில கலந்துக்கிட்ட வேற யாராவது பார்த்தேன்னு சாட்சி சொன்னா ஏத்துக்கலாம். யாராவது பார்த்தீங்களா?"

அந்த விதியை அவர் ஏன் வாயால் சொன்னார் என்று பவளக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓசிக் கட்டிலில் படுத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் கை பாதி எழும்பியும் விட்டது. அந்தக் கை மேலே போனால் ஹிமாச்சல் போச்சு.

அவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் பார்த்தேன் சார்."

ஜெகவீரனுக்கே தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நிமிஷம் முகமெல்லாம் பல். "டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க சார்!"

"அண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம். பனியில அவர் டயர் தடம் பதிஞ்சிருந்துச்சு, அதைப் பிடிச்சுத்தான் நானும் பின்னாலயே ஓட்டிட்டு வந்தேன். அவர் மலையை மடிச்சார்ல, அப்ப நான் மடிப்புக்குள்ள மாட்டிக்கிட்டேன். இந்த முழங்கால் அதுல நசுங்கினதுதான்."

"கேட்டுக்கங்க சார்! கேட்டுக்கங்க!"

"அண்ணன் பதறிப்போய் மலையை விரிச்சு என்னை வெளிய எடுத்தார். 'ஐயோ தங்கச்சி, என்னாலதானே உனக்கு ஒரு கொடி போச்சு'ன்னு தேம்பித் தேம்பி அழுதார். காட்டுமாட்டுத் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினார் சார். 'ஹிமாச்சலுக்கு நீதான் போகணும். கீழ போய் நானே கெஞ்சினாலும் என் பேரை எழுத விடாதே'ன்னுட்டார். அந்தக் காளைகூடக் கண்ணைத் துடைச்சுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் ஜெகவீரன் மேல் திரும்பியது.

ஐசக் சார் பேனா மூடியைக் கழற்றி எழுதத் தயாரானார். மனுஷர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது. "ஜெகவீரா, உனக்கு இருக்கிறது இந்த ஒரு சாட்சிதான். டீச்சர் சொல்றது நிஜம்னா நீ விட்டுக்கொடுத்தாச்சு. பொய்னா உனக்குச் சாட்சி இல்ல. எது?"

ஜெகவீரன் மப்ளரைத் தளர்த்தினான். "பாதி நிஜம் சார்."

"எந்தப் பாதி?"

"அது வந்து... மலை மடிஞ்சது வரைக்கும்..." என்று இழுத்தான். பாதி எழும்பிய கையைத் தேடினான். அது எப்போதோ சட்டைப் பைக்குள் போயிருந்தது. அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கற டீச்சர், இப்படி வாய் கூசாம புளுகலாமா? மலையாவது, மடிப்புக்குள்ள மாட்டறதாவது! கேக்கறவங்க கேணையனுங்களா?"

ஐசக் சார் எழுதினார். பவளக்கொடி என்று முழுப் பெயரும் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார்.

பவளக்கொடி ஆறிப்போன சூப்பை ஒரே மடக்கில் குடித்தாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. எனக்கு இது முதல் தடவை. அதான் கொஞ்சம் உண்மை மாதிரி வந்துருச்சு."