ஆள்காட்டி கண்டும் காணாமல் விட்ட ஆட்டம்

ஒரு சதுப்புக் காட்டின் நடுவில் மேடு ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் காடு முழுக்கத் தண்ணீர் ஏறிவிடும். மேட்டின் மேலே இருக்கும் பொந்துகள் மட்டும் நனையாமல் நிற்கும். அதனால் மழைக்கு முன்பே அந்தப் பொந்துகளுக்காக அடிதடி தொடங்கிவிடும். போன வருஷச் சண்டையில் கீரிக்கு ஒரு காது போனது. முள்ளம்பன்றியின் தம்பி உயிரையே விட்டது.

"இந்த வருஷம் பல்லும் வேண்டாம், நகமும் வேண்டாம். போட்டி வைத்து, ஜெயிக்கிற வரிசைப்படி பொந்தை எடுத்துக்கொள்வோம்!" என்று விலங்குகள் கூடி முடிவு செய்தன.

போட்டி இதுதான். ஒவ்வொருவரும் மூங்கிலும் சுரைக்குடுக்கையும் கொண்டு ஒரு வண்டி செய்ய வேண்டும். வண்டிக்குள் முறுக்கி வைத்த கொடி அவிழ அவிழ அது தானாக ஓடும். செய்தவர் களத்தைச் சுற்றிய கோட்டுக்கு வெளியே நின்று, நீளக் கயிறுகளைப் பிடித்து அதைத் திருப்ப வேண்டும். களத்தில் கிடக்கும் விளாம்பழங்களைத் தன் குழிக்குள் அதிகமாகத் தள்ளியவரே ஜெயித்தவர். வண்டியைக் கையால் தொடக் கூடாது. அடுத்தவர் வண்டியை உடைக்கவோ, கயிற்றை அறுக்கவோ கூடாது. மீறினால் அந்த வண்டி வெளியே!

"நடுவர் யார்?" என்றது உடும்பு.

"ஆள்காட்டிதான்! இலை அசைந்தாலே கத்தி ஊரைக் கூட்டுகிறவன். அவன் கண்ணுக்கு எது தப்பும்?" என்றது கீரி.

எல்லாரும் சிரித்து ஒப்புக்கொண்டார்கள்.

ஆள்காட்டிக் குருவிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் அது கத்தினால் "சனியன், ஆரம்பிச்சுட்டான்" என்பார்கள். இப்போதோ வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்கள். அதற்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

போட்டி நாள் வந்தது. முதல் ஆட்டம் முள்ளம்பன்றிக்கும் உடும்புக்கும்.

உடும்பின் வண்டி தாழ்வாக, நீளமாக இருந்தது. பழங்களை ஒவ்வொன்றாக அலுங்காமல் தள்ளிக்கொண்டு போனது. முள்ளம்பன்றியின் வண்டி முகப்பில் ஓர் இலந்தைக் கிளை வளைந்து நின்றது. அது நேராகப் பழத்துக்குப் போகவில்லை. உடும்பின் கயிற்றை நோக்கிப் போனது. முள் மாட்டியது. ஒரே இழுப்பு! கயிறு அறுந்தது. உடும்பின் வண்டி பிடிப்பு இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்து குப்புற விழுந்தது.

ஆள்காட்டி நன்றாகப் பார்த்தது. கத்துவதற்கு அலகையும் திறந்துவிட்டது.

"தெரியாம பட்டுடுச்சு அண்ணே!" என்றது முள்ளம்பன்றி, பல்லெல்லாம் தெரிய. கூட்டம் சிரித்தது.

இத்தனை பேர் சிரிக்கும்போது நாம் ஒருத்தன் கத்துவதா என்று ஆள்காட்டிக்குக் கூச்சமாக இருந்தது. "சரி, சரி. இனிமே பார்த்து ஓட்டு" என்றது.

"கயிற்றை அறுத்தால் வண்டி வெளியே என்றுதானே விதி?" என்று கேட்டது உடும்பு.

"முதல் ஆட்டம்தானே உடும்பு. பெரிசு பண்ணாதே."

உடும்பு கவிழ்ந்த வண்டியை வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டது. அது சண்டை போட்டிருந்தால்கூட ஆள்காட்டிக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அடுத்த ஆட்டம் முயலுக்கும் கீரிக்கும். முயலின் வண்டி காற்றாகப் பறந்தது. கீரியின் வண்டியோ கனமாக ஆடி அசைந்து வந்தது. ஒரே ஒரு பழத்தைத் தன் குழியில் தள்ளியது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போய் முயலின் குழிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது!

முயல் பழங்களைக் குவித்துக் கொண்டுவந்தது. தள்ளக் குழி எங்கே? சுற்றிச் சுற்றி வந்தது. முட்டிப் பார்த்தது. கனமான வண்டி அசையவே இல்லை.

"அநியாயம்! அநியாயம்!" என்று கூட்டம் கத்தியது.

ஆள்காட்டியும் சேர்ந்து கத்தியது: "தப்பு! வண்டியை எடு!"

கீரி கயிற்றை விடாமல் கேட்டது: "எந்த விதிப்படி?"

ஆள்காட்டி யோசித்தது. வண்டியைக் கையால் தொடவில்லை. எதையும் உடைக்கவில்லை. கயிற்றை அறுக்கவில்லை. குழிமேல் நிற்கக் கூடாது என்று யாருமே சொல்லவில்லை.

"அண்ணே," என்றது கீரி. "உடும்பு கேட்டப்போ விதி இருந்தது, நீங்க இல்லை. இப்போ நீங்க இருக்கீங்க, விதி இல்லை."

ஆள்காட்டிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாறைமேல் இருந்த நடுவர் இடத்தை விட்டு இறங்கிப் புதர்ப் பக்கம் நடந்தது.

புதருக்குப் பின்னால் அடுத்த ஆட்டக்காரர்கள் மும்முரமாக இருந்தார்கள். அணில் தன் வண்டியில் கூரான குச்சிகளைச் செருகிக்கொண்டிருந்தது. ஆமை கொக்கி கட்டிக்கொண்டிருந்தது.

"என்ன செய்றீங்க?" என்றது ஆள்காட்டி.

"முள் வெச்சவன்தானே ஜெயிச்சான்!" என்றது அணில். "வைக்காதவன் வண்டியைக் கவ்விக்கிட்டுப் போறான். நாங்க மட்டும் இளிச்சவாயா?"

அணில் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இதுதான் நடைமுறை என்பதுபோலச் சொன்னது. ஆள்காட்டி அந்தக் குச்சிகளையே பார்த்தது. பல்லும் நகமும் வேண்டாம் என்றுதானே இங்கே வந்தோம்? இன்னும் கொஞ்ச நேரத்தில் அவை வேறு உருவத்தில் வந்துவிடுமே!

அது பறந்து போய்ப் பாறைமேல் நின்று, காடே அதிரக் கத்தியது.

"எல்லாரும் கேளுங்க! முதல் ஆட்டத்தின் முடிவு செல்லாது. முள்ளம்பன்றியின் வண்டி வெளியே! உடும்பு ஜெயித்தது!"

முள்ளம்பன்றிக்கு முட்கள் சிலிர்த்தன. "அப்போ விட்டுட்டு இப்போ பிடிக்கிறீங்களா? இது என்ன நியாயம்?"

"அப்போ விட்டது என் தப்பு. அதுக்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கயிற்றை அறுத்தது உன் தப்பு."

முள்ளம்பன்றி உறுமியது. பிறகு தலையைத் தாழ்த்தியது. "என் தம்பி போன மாதிரி நானும் போயிடுவேனோன்னு பயந்துட்டேன்" என்றது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி.

"அப்படியே கீரியையும் வெளியே அனுப்பு!" என்று கூட்டம் கத்தியது. "முயலுக்குக் குட்டிகள் இருக்கு!"

முயல் ஆள்காட்டியையே பார்த்தது. ஆள்காட்டி அதன் பக்கம் திரும்பிச் சொன்னது:

"கீரி ஜெயித்தது ஜெயித்ததுதான். குழியை மூடக் கூடாது என்று அடுத்த வருஷத்துக்கு விதி சேர்ப்போம். ஆட்டம் முடிந்த பிறகு ஒரு விதியை உண்டாக்கி கீரியை அடிக்க என்னால் முடியாது."

"மனசே இல்லாதவன்!" என்று யாரோ கத்தினார்கள். ஆள்காட்டி அதையும் கேட்டுக்கொண்டது. அணிலும் ஆமையும் ஓசையில்லாமல் குச்சியையும் கொக்கியையும் கழற்றிப் போட்டன.

மற்ற ஆட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கடைசியில் களத்தில் நின்றவை, வண்டிக்குப் புதுக் கயிறு கட்டி வந்த உடும்பும், கீரியும்.

கீரி அதே தந்திரத்தோடு வந்தது. ஆனால் உடும்பு யோசித்து வைத்திருந்தது. கீரி வந்து சேர்வதற்குள் அவசர அவசரமாக இரண்டு பழங்களைத் தன் குழிக்குள் தள்ளிவிட்டது. கீரி ஒரு பழத்தைத் தன் குழியில் தள்ளிவிட்டு வந்து உடும்பின் குழிமேல் ஏறி உட்கார்ந்தபோது, உட்கார்ந்ததே அதற்கு வினையாகிவிட்டது. தோற்றுக்கொண்டிருப்பது அதுதான்!

கீரி பதறிக் கயிற்றை இழுத்தது. குழி விளிம்பில் சக்கரம் சிக்கிக்கொண்டது. கோட்டைத் தாண்டி ஒரு கையை நீட்டி வண்டியைத் தட்டியது.

"தொட்டாச்சு! வண்டி வெளியே!" என்றது ஆள்காட்டி. அந்தக் குரல் வர ஒரு நொடிகூட ஆகவில்லை.

கீரி நிமிர்ந்து பார்த்தது. "சரிதான் அண்ணே" என்று தானே வண்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது.

மழை வந்தது. உடும்பு உச்சிப் பொந்தை எடுத்துக்கொண்டது. அதற்கடுத்தது கீரிக்கு. முயலுக்குக் கிடைத்தது அடிவாரத்துப் பொந்து. ஒரு நாள் தண்ணீர் அதன் வாசலைத் தொட்டது.

"குட்டிகளைத் தூக்கிக்கிட்டு மேலே வா!" என்று கீரி குரல் கொடுத்தது. "ஜெயிச்சது நான். என் இடத்தை யாருக்குக் கொடுக்கறதுங்கிறது என் இஷ்டம்."

அந்த மழையில் யாரும் யாரையும் கடிக்கவில்லை. அடுத்த வருஷம் போட்டிக்கு நடுவர் யார் என்ற பேச்சு வந்தபோது, முதலில் எழுந்து ஆள்காட்டியின் பெயரைச் சொன்னது முள்ளம்பன்றிதான்.

நல்ல பெயர் கெட்டுவிடுமே என்று நடுவர் யாரோ ஒருவருக்குத் தளர்த்தும் விதி எல்லாருக்கும் இல்லாமல் போகும். ஆகவே இருக்கும் விதியை யாருக்கும் தளர்த்தவும் கூடாது, இல்லாத விதியை யாருக்காகவும் உண்டாக்கவும் கூடாது.